சிவப்பு பூசாத பஸ்

யுத்த காலத்தில் ராசிபுரத்துக்கு வந்துபோன பஸ்கள் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடின. முதுகில் ஓர் இரும்பு உருளை, அதற்குள் அடுப்புக்கரி. மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்படியொரு வண்டிமேல் என் மகளுக்கு என்ன ஆசையோ தெரியவில்லை. ஐந்து வயது முடிந்திருந்தது. சேலத்துச் சிவப்பு பஸ் தெருமுனையில் வந்து நின்றால் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடுவாள். அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அதே மாதிரி ஒரு பஸ், அதே சிவப்பில்.

என் வீட்டுக்காரருக்குத் தறிதான் தொழில். ஆனால் மரத்தைக் கண்டால் செதுக்காமல் விடமாட்டார், அப்படியொரு கிறுக்கு. தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து இரண்டு பக்கச் சுவர், கூரை, முன்மூக்கு என்று தனித்தனியாக வெட்டினார். மூங்கில் துண்டு கரி உருளை ஆயிற்று. உடைந்த நூல்கட்டைகளின் தலையை அறுத்துச் சக்கரம் செய்தார். உப்புத்தாள் அப்போது குதிரைக்கொம்பு. அதனால் சொரசொரப்பான பிராய் இலையைப் பறித்து உலர்த்தி, அதைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தார். ஜன்னல் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு, சிலும்பு எங்காவது தட்டுப்படுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அந்தப் பொறுமையில் கால்வாசியை என்னிடம் காட்டியிருந்தால் நான் மகாராணியாக இருந்திருப்பேன்.

என் தம்பி சேலத்தில் பஸ்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையில் இருந்தான். அசல் பஸ் பெயின்டிலேயே மீதியைச் சின்ன டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தான். எப்படி அடிப்பது என்றும் சொல்லிவிட்டுப் போனான். மரம் ஒட்டுகிற வச்சிரப் பசையில் சீமைச்சுண்ணாம்பைக் குழைத்து முதலில் மரத்துக்குப் பூச வேண்டும். அது காய்ந்ததும் தேய்த்து மழுமழுவென்று ஆக்க வேண்டும். பெயின்ட் அதற்கப்புறம்தான்.

இவர் கேட்டாரா? தினமும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குகிறவனுக்கு ஒரு சாண் பலகைக்குப் பூச்சு போடத் தெரியாதா என்று என் தம்பியையே கேலி செய்தார். பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியில் மிச்சத்தை எடுத்து, நூலுக்குப் போடும் அதே பிரஷால் எல்லாத் துண்டுகளுக்கும் அழுத்தி அழுத்திப் பூசினார். நூலில் பிசிறு கஞ்சிக்குப் படியும். மரத்தில் நேர்மாறு. மறுநாள் காலையில் பார்த்தால் தேய்த்துப் படியவைத்த நாரெல்லாம் எழுந்து நின்றது. அதன்மேலேயே சுண்ணாம்பைப் பூசிப் பார்த்தார், அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இரண்டு பலகையை ஒட்டிச் செய்திருந்த கூரை நடுவில் வாய் பிளந்துவிட்டது. எல்லாவற்றையும் கழுவி, சுரண்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஐப்பசி மழை வேறு, எதுவும் காயவில்லை. மகள் தினமும் துண்டுகளைக் காயவைத்திருந்த முறத்தண்டை வந்து உட்கார்ந்து, இன்றைக்கா நாளைக்கா என்று கேட்பாள்.

இரண்டாம் முறை தம்பி சொன்னபடியே செய்தார். துண்டுகள் எல்லாம் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக, வழவழவென்று காய்ந்தன. ஒட்டிச் சேர்த்தார். சிவப்பு மட்டும்தான் பாக்கி. அன்று சாயங்காலம் மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் விட்டதும் அடிக்கலாம் என்றார். அது விடவில்லை, முத்து முத்தாகப் போட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து, அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகிவிட்டுப் போனாள்.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய் வாசமே ஆகாது. பெயின்டோ எண்ணெயில் குழைத்தது. மகள் படுத்தபடியே பஸ்ஸைக் கேட்டாள். அப்போது அவள் கண் நன்றாகத் திறந்திருந்தது. நான் கெஞ்சினேன்.

"ஏனுங்க, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில வெச்சு அடிச்சிட்டு வந்து காட்டுங்க. புள்ள கேக்குதுங்க."

"ஆத்தா கோவிச்சுக்குவா. நீ சும்மா இரு" என்றார். சாமியையும் சாத்திரத்தையும் அதுவரை கிண்டலே செய்துகொண்டிருந்த மனிதர். பயம் வந்ததும் எங்களையெல்லாம்விடப் பெரிய பக்தராகிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

இரண்டு நாளில் இமை வீங்கி ஒட்டிக்கொண்டது. அவள் மறுபடி கேட்டபோது இவர் வாசற்படியில் நின்றுகொண்டு, "செவப்பு அடிச்சாச்சு சாமி, காயுது" என்றார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை.

பிழைத்துக்கொண்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு இமை திறந்தது. உள்ளே இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தது அதே கரி பஸ்ஸில். வழியெல்லாம் அவள் தன்னுடைய பஸ்ஸைப் பற்றித்தான் பேசினாள்.

பஸ்ஸை மடியில் வைத்துக்கொண்டு தடவுவாள். இது கூரை, இது கரி அடுப்பு என்று எனக்கே சொல்லிக்கொடுப்பாள். வருகிறவர்களிடமெல்லாம் சிவப்பு பஸ் என்பாள். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் வாய்மேல் விரலை வைப்பேன். பெயின்ட் டப்பாவைத் தொட இவருக்குக் கை வரவில்லை. ஒருநாள் நான் வற்புறுத்தியபோது, "அவளுக்குத் தெரியவா போகுது" என்று முணுமுணுத்தார். அன்றெல்லாம் நான் அவரோடு பேசவில்லை.

பெரியவர்கள் வாயைக் கட்டலாம், தெருப்பிள்ளைகள் வாயைக் கட்ட முடியுமா? ஒருநாள் காலையில் வெளியே விளையாடிக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து, "பஸ் வெள்ளையாம்மா?" என்று கேட்டாள். சிவப்புதான் என்று நானும் சொன்னேன். மத்தியானம் அவள் தூங்கியதும் டப்பாவைத் திறந்தேன். மேலே ஏடு படிந்திருந்தது. குச்சியால் அதை ஒதுக்கிவிட்டுக் கலக்கி, பூச ஆரம்பித்தேன். எனக்கு அது பழக்கமில்லை, திட்டுத்திட்டாக வந்தது. தறியை நிறுத்திவிட்டு இவர் வந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் கையிலிருந்து பிரஷை வாங்கி அவரே அடித்து முடித்தார். அழுதுகொண்டேதான் அடித்தார். அத்தனை தேய்த்ததற்கு, பெயின்ட் அப்படி உட்கார்ந்தது. அசல் சேலத்து பஸ்தான்.

காய்ந்த பிறகு கொடுக்கலாம் என்று இருந்தோம். ஆனால் எண்ணெய் வாசத்துக்கு அவள் எழுந்துவிட்டாள். கையால் துழாவிக்கொண்டு வந்து பஸ்ஸைத் தொட்டாள். விரல் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள்.

"ஈரமா இருக்குதுங்களே அப்பா."

இவர் பிரஷைக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தனை நாளா வெள்ளையாத்தான் இருந்துச்சுங்களா?"

"ஆமா சாமி" என்றார்.

அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கையைத் துடைத்துவிடச் சொன்னாள். நான் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து விரல் விரலாகத் துடைத்தேன்.

அந்தத் தைப்பொங்கலுக்கு இவர் அவளுக்கென்றே தறியில் கிளிப்பச்சையில் ஒரு பாவாடைத் துணி நெய்தார். அறுத்து எடுத்து அவள் மடியில் வைத்து, "கிளிப்பச்சை சாமி" என்றார். அவள் துணியைத் தடவினாள். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடியே பக்கத்து வீட்டுக்குப் போய், இது என்ன நிறம் என்று கேட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று இவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.