மரத்திடம் யாரும் கேட்கவில்லை

அல்லாஹ் தந்த எங்கள் மூத்த சகோதரி, எங்கள் ராத்தா, அவனிடமே மீண்டு ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலரின் முன்பக்கங்களை வாசித்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். அங்கே மெழுகுவர்த்திகள் எரிகின்றன. தன்னை உருக்கி ஒளி தந்தார் என்கிறார் ஒருவர். அடுத்தவர் அதே மெழுகுக்கு இன்னொரு திரி போடுகிறார். உயர்தர வகுப்புக்கு அணியிலக்கணம் படிப்பித்தவர் ராத்தா. மாணவர் கட்டுரைகளில் அவர் சிவப்புப் பேனையால் வெட்டியெறிந்த அதே உவமையைக் கொண்டு அவரை இரண்டாம் தரம் கபுறில் அடக்கியிருக்கிறோம்.

ராத்தா மருதமுனையில், நெசவுக்காரரான எங்கள் வாப்பாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தது நான், கடைசி தங்கச்சி. தறிச்சத்தத்துக்கு மேலால் பாடம் சொல்லிச் சொல்லியே அவருடைய குரல் கனத்தது என்பார் உம்மா. அந்தக் குரல் பின்னாளில் டியூட்டரி வகுப்பறையின் தகரக் கூரையில் கொட்டும் மழையையும் வென்றது. அணிகளின் பெயரை ஒப்புவிக்கும் பிள்ளையை அவர் அத்தோடு விடமாட்டார்.

“முகத்தச் சந்திரன் எண்டாய். சரி. என்னத்தச் சொல்லாம விட்டாய்?”

“விளங்கல்ல டீச்சர்.”

“அவளுக்குப் பசியா, மூக்கடைச்சுத் தடிமனா, அழுதிருக்காளா? சந்திரன் எண்டு சொன்ன உடன அதொண்டையும் பாக்கத் தேவையில்லாமப் போயிற்று. அதுக்குத்தான் சந்திரன்.”

என் கவிதைகளும் தப்பவில்லை. “கடல் கரையில தலையடிச்சு அழுவுதெண்டு எழுதியிருக்காய். கடல்ட்டப் போய்க் கேட்டியா தம்பி?” என்பார். கோபித்துக்கொண்டு போவேன், வரியை வெட்டிவிட்டுத் திரும்பி வருவேன்.

இனி வீட்டு விஷயம். உம்மாவின் தம்பியான எங்கள் மாமா இந்த மலருக்கென்று ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தந்தார். ‘தனக்கெனக் கட்டிய வீட்டை மனமுவந்து தங்கைக்கு விட்டுக்கொடுத்தார்’ என்று அதில் ஒரு வரி. அதை அச்சுக்குப் போகாமல் தடுத்தவன் நான். ஏன் என்று உறவினர்களாகிய நீங்கள் அறிய வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு எழும்பினால்தான் மாப்பிள்ளை வருவார். ராத்தாவை நினைத்துத்தான் வாப்பா அத்திவாரம் போட்டார். ஓடு போட்ட கையோடு கண்மூடி மௌத்தானார். ராத்தா ஆசிரிய கலாசாலையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது தங்கச்சிக்கு ஒரு நல்ல இடம் வந்தது. வீடு நின்ற வளவு உம்மாவின் பெயரில் இருந்தது. மாமா முன்னின்று வீட்டைத் தங்கச்சிக்கு எழுதுவித்தார். விடுமுறைக்கு வந்த ராத்தா பயணப்பையைக் கீழே வைக்கும் முன்னரே செய்தியைச் சொன்னார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. அவருக்கென்று இன்னொரு வீடு எழும்பவேயில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள்.

ராத்தா சம்மதித்தாரா என்று கேட்டால் மாமாவிடம் பதில் இருந்தது. “நான் சொல்லி முடிஞ்சும் அவ வாயத் தொறக்கல்ல. நிக்காஹுக்கும் பொண்ணு வாயத் தொறக்காட்டி ஓம் எண்டுதானே எடுக்கிற?”

நிக்காஹில் பெண்ணிடம் முதலில் கேட்பார்கள். கேட்டபின் வரும் மௌனத்துக்குத்தான் அந்த மரியாதை.

ஒரு பெருநாள் பகல், குடும்பம் முழுவதும் சாப்பிட உட்கார்ந்திருக்க, மாமா ராத்தாவைப் புகழத் தொடங்கினார். “வீட்டையே குடுத்தவ. இவட மனசு கடல் மாதிரி.”

ராத்தா இறைச்சி பரிமாறிக்கொண்டிருந்தார். “இதுக்குத் தற்குறிப்பேற்றம் எண்டு பேர் மாமா.”

“அப்பிடியெண்டா என்ன புள்ள?”

“காத்தடிச்சா மரம் ஆடும். போறவனுக்குத் தலையாட்டி விடை குடுக்குதெண்டு புலவன் எழுதுவான். தன்ட மனசில உள்ளத்த மரத்துக்கு மேல ஏத்திப்போடுவான்.”

“நல்லாத்தானே இரிக்கி.”

“ஓம், நல்லாத்தான் இரிக்கி. மரத்துக்கிட்டத்தான் ஒருத்தரும் கேக்கல்ல. இன்னொரு துண்டு வைக்கவா மாமா?”

தங்கச்சியின் கை சோற்றில் அப்படியே நின்றது. மாமா இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டார்.

சிறுநீரகங்கள் பழுதான பின், அதே வீட்டின் முன்னறையில், தங்கச்சியின் பராமரிப்பில் ராத்தா கடைசி மாதங்களைக் கழித்தார். ‘தன் வீட்டிலேயே கண்மூடும் பாக்கியம் பெற்றார்’ என்கிறது இம்மலரில் உள்ள ஓர் அனுதாபச் செய்தி. அதற்கு முரண் அணி என்று பெயர். எழுதியவருக்குத்தான் தெரியாது.

வரியை நான் வெட்டியது அறிந்து மாமா வந்தார். முன்னறையில், ராத்தாவின் வெறுங்கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஊரு படிக்கிற புத்தகம் மருமகன். மனமுவந்து எண்டு போட்டா என்ன குறைஞ்சு போகும்?”

“ராத்தா குறைஞ்சு போவா மாமா.”

“கவிதக்காரன்ட கையில குடுத்தது எங்கட பிழ.”

அதுவரை கதவோரம் நின்ற தங்கச்சி உள்ளே வந்தாள். “மாமா, இந்த வீட்டில இரிக்கிறவள் நான். அந்த வரியப் போட்டா எனக்குத்தான் லேசு. போட வேணாம்.”

மாமா எழுந்து போனார். கதிரை அங்கேயே கிடந்தது.

ஆகவே இம்மலரில் பதிவாவது இது: வாப்பா ராத்தாவுக்குக் கட்டிய வீடு தங்கச்சிக்கு எழுதப்பட்டது. ராத்தாவிடம் யாரும் கேட்கவில்லை.

கபுறு வெட்டிய கைகளுக்கும், அவருக்காகக் கத்தம் ஓதிய நாட்களில் சமைத்துத் தந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. கண் மங்கிப்போன ராத்தாவுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டவென்று பாண்டிருப்பிலிருந்து வந்து போன, அவரோடு படிப்பித்த டீச்சரை மறக்கமாட்டோம். உண்மையைப் போட இடம் கொடுத்த தங்கச்சிக்கும் நன்றி. மாமாவுக்கு வஞ்சப்புகழ்ச்சியில் ஒரு நன்றி எழுத என் கை அரித்தது. “அது மூஞ்சிக்கு நேர சொல்லப் பயந்தவன்ட அணி” என்பார் ராத்தா. ஆகையால் நேராகவே எழுதுகிறேன்: மாமா, நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் துஆவில் ராத்தாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதைப் போல இருந்தார் என்று சொல்ல வேண்டாம். அல்லாஹ்விடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவனுக்கு ஆளைத் தெரியும்.