ராபினின் வலது கால்

ஞாயிறு காலை ஆராதனை, மாலை கல்யாண மண்டபத்தில் மெல்லிசை, கோயில் நோம்பிக்கு வள்ளி கும்மி, பீகார்த் தொழிலாளிகளின் சத் பூஜைக்கு போஜ்புரிப் பாட்டு. எல்லாவற்றுக்கும் ராபினின் பேஸ் கித்தார்தான். நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பகலில் அருள்புரத்து பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். ஊத்துக்குளிக் கும்மியில் அவன் அந்த நாலு கம்பியை உலுக்கியதில், பக்கத்துத் தெருக் குண்டாக்களில் இருந்த தயிரெல்லாம் மத்துப் போடாமலே வெண்ணெயாகத் திரண்டுவிட்டது. நம்பாதவர்கள் அந்தத் தெருவிலேயே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அன்றுதான் மகுடேஸ்வரன் அவனைப் பிடித்தார். கோவையில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவர்.

"ஏனுங்க தம்பி, ஒவ்வொரு வரி முடியறப்பவும் ஒரு துளி நிக்கறீங்களே, அது ஆளையே அசத்துதுங்க. நம்ம ஸ்டுடியோவுக்கு நிரந்தரமா வந்துருங்க. செவ்வாக்கெழமை வந்து வாசிச்சுக் காட்டுங்க. அந்த நிப்பாட்டு மட்டும் கண்டிப்பா வேணுமுங்க."

கித்தாரை மட்டுமே நம்பிப் பிழைக்க வேண்டும் என்பது ராபினின் பல வருட ஆசை. அது வாசல் தேடி வந்தும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த நிப்பாட்டு?

ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும் ஜெபக்குமாரிடம் கேட்டான்.

"இங்கயும் நிக்கத்தானல செய்த! கும்மியில பழகிட்டு வந்துட்டன்னு நெனச்சேன்."

கும்மி வாத்தியார் அர்த்தநாரியிடம் ஓடினான்.

"அது உங்க சர்ச்சுப் பழக்கமுன்னு நெனச்சேன் கண்ணு."

பீகார்க்காரர்களோ அதைத் தமிழ்நாட்டு வழக்கம் என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஸ்டுடியோவில் மெத்தென்ற சோபா. ராபின் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தான். எண்ணெய் ஊற்றியதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அதைக் காணோமே?"

வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தான். பாட்டுக்கு விக்கல் எடுத்தது.

"வெள்ளிக்கெழமை இன்னொருக்கா பாப்போமுங்க. அப்பவும் வரலீன்னா வேற ஆளப் பாக்கோணும். கோவிச்சுக்காதீங்க."

மறுநாள் கம்பெனியில் மெஷின் முன்னால் பேயறைந்தவன்போல உட்கார்ந்து தைத்தான். எதிரே செக்கிங் டேபிளில் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி ஜோதிகா. திடீரென்று கையிலிருந்ததைப் போட்டாள்.

"ஏங்க, ஒங்க காலைப் பாருங்க!"

வலது கால் மிதித்தது, தையல் ஓடியது. ஓரம் முடிந்ததும் கால் எழும்பியது. கையில் துணிப் பீஸ் மாறியது. மறுபடி மிதித்தது.

"மேடையில நின்னாலும் இந்தக் காலு இப்படித்தான் மிதிக்கும். வரி முடிஞ்சா காலை எடுத்துருவிய. பாட்டை நிப்பாட்டிட்டுப் பீஸ் மாத்துதிய! ஸ்டுடியோவுல காலை எங்க வச்சிருந்திய?"

"சம்மணம் போட்டிருந்தேன்."

"நல்லா வெளங்கும்!"

வெள்ளிக்கிழமை சோபாவைத் தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று வாசித்தான். மகுடேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும், "திங்கக்கெழமையிலிருந்து வந்துருங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் புதுக் குழப்பம் பிடித்தது. தையலை விட்டுவிட்டால் கால் என்ன செய்யும்? பல்லடம் தாண்டுவதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. நேராகப் போய் சூப்பர்வைசர் ரத்தினசாமி முன்னால் நின்றான்.

"சார், வேலைய விட்டுருதேன். ஆனா காலையில மட்டும் ஒரு மணி நேரம் ஓவர்லாக் ஓட்டிக்கிடுதேன். சம்பளம் வேண்டாம்."

ரத்தினசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒடம்புக்கு ஏதாச்சும் சரியில்லீங்களா தம்பி?"

"கால் மறந்துரும் சார்."


இப்போது அந்தக் கம்பெனியில் குழம்பி நிற்பவர் ரத்தினசாமிதான். ஆனாலும் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொள்ள மெஷினைக் கொடுத்துவிட்டார்.