நல்ல தண்ணீரில் செத்த மீன்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மீஞ்சூரிலிருந்து ரயிலில் போய் வருவேன். ஆலைகள் சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீர் ஏரியில் கலந்தால், அங்கிருக்கும் உயிர்கள் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தொட்டியில் ஆலைத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர், இரண்டிலும் விரலளவு மீன்கள். சில நாள் கழித்து எவை பிழைத்திருக்கின்றன என்று பார்ப்போம்.

ஒரு முறை, சாயம் தயாரிக்கும் ஆலையின் தண்ணீரில் விட்ட மீன்கள் மறுநாளே மிதந்தன. அதில் வியப்பில்லை. நல்ல தண்ணீரில் விட்டவையும் மிதந்தன. அது எங்கள் அலுவலக போர்வெல் தண்ணீர். அதில் போட்ட டீயைத்தான் நான் அப்போது கையில் வைத்திருந்தேன். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தேன்.

சேதி கேட்டு வந்த ஆலையின் சுற்றுச்சூழல் அதிகாரிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"ரெண்டுலயும் செத்துப்போச்சுல்ல? எங்க தண்ணிக்கும் உங்க தண்ணிக்கும் வித்தியாசமே இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

"நல்ல தண்ணியிலயே செத்தா டெஸ்ட் செல்லாது சார். திரும்பப் பண்ணணும்."

"இன்னா மேடம் பேஜாரு பண்றீங்க! கொஞ்சம் ஸ்ட்ராங்கான மீனா வாங்கி வுடக் கூடாதா? கெளுத்தி இன்னா தண்ணியிலயும் கெடக்குமே."

குறை மீனின் உடம்பில்தான் என்று கண்டுபிடித்த பெருமை அவரையே சேரும். எங்கள் முதலாளியும் தலையாட்டினார். "அவரு சொல்றதும் கரெக்டுதானேம்மா. ஏரில கெளுத்தியும்தானே கீது?"

"எறாவும் இருக்கு சார். அதுங்களப் போய் ஸ்ட்ராங்கா இருக்கச் சொல்ல முடியுமா?"

முதலாளி மறு டெஸ்டுக்கு ஒப்புக்கொண்டார். கேன் தண்ணீர் வரவழைத்தார். மீன்களுக்கு மட்டும். எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டேன்.

"மீனு செத்தா ரிப்போர்ட்டுல வரும்மா," என்றார். "நமக்கு யாரு ரிப்போர்ட் கேக்கறாங்க?"

இந்த முறை கேன் தண்ணீரில் மீன்கள் துள்ளி விளையாடின. ஆலைத் தண்ணீரில் விட்டவை பழையபடியே செத்தன. உள்ளதை உள்ளபடி எழுதினேன். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆலை உடனே வேறொரு பரிசோதனைக் கூடத்துக்கு மாறிவிட்டது. எனக்கு அந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டேஷனில் அந்த அதிகாரியைப் பார்த்தேன். அவரே வந்து பேசினார்.

"புது லேபுல ஒரு மீனு கூட சாவல மேடம். இந்த தபா தண்ணிய நானே புடிச்சு அனுப்புனேன்."

"எங்க சார் புடிச்சீங்க?"

ரயில் வந்துவிட்டதாகச் சொல்லி வேகமாக நகர்ந்தார். தண்டவாளத்தை எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை எந்த ரயிலும் இல்லை.