பலகைக்கு ஒரு முகம்

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தோதான ஆள் கிடையாது. பாசம் உள்ளவர்கள் பாதியை மறந்துவிடுவார்கள். வயிற்றெரிச்சல் பிடித்த எனக்கு ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது. அவள் என் கணவரின் ஒரே தங்கை. முப்பத்து மூன்று வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடுதான் இருக்கிறாள். வாயைத் திறந்தால் சிரிப்பு. தலையை ஒழுங்காக வாரி நான் பார்த்ததில்லை. கீரைக்கட்டில் வரும் ரப்பர் பேண்டால் முடியைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்த வேலையும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். பதினான்கு வருடமாக நான் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அவள் ஒரு துணிக்கடையில் இருந்தாள். கடையை மூடியதும் வீட்டில் சும்மா கிடந்தாள். போனால் போகிறது என்று நான்தான் கூட்டிப்போய் முதலாளி முன்னால் நிறுத்தினேன். முதல் டெஸ்டிலேயே லைசென்ஸ் வாங்கினாள். நான் மூன்றாவது டெஸ்டில் வாங்கியவள். யாரும் கேட்காவிட்டாலும் என் கணவர் இதைச் சாப்பிடும்போது ஒரு தடவை சொல்லிவிடுவார்.

எங்கள் கார்களில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நாங்கள் மிதிப்போம். நான் தடுமாறுவதற்கு முன்பே மிதித்துவிடுவேன். அதனால் எனக்கு 'பிரேக் மேடம்' என்று பெயர். அவள் கடைசி நொடிவரை காத்திருப்பாள். "வண்டி நம்ம பேச்சைக் கேக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு 'சிரிக்கிற மேடம்' என்று பெயர். போனை எடுத்தால் பத்தில் எட்டுப் பேர், சிரிக்கிற மேடம் வகுப்பில் இடம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அந்தப் போனை எடுக்கிறவளும் நான்தான். எப்படி இருக்கும் எனக்கு?

இப்படி இருக்கும்போது முதலாளி பெண்களுக்கென்று தனியாக ஒரு கிளை திறக்கப்போவதாகச் சொன்னார். அதன் முழுப் பொறுப்பும் எங்கள் இருவரில் ஒருவருக்கு. யாருக்குப் பொறுப்போ அவர் படம் வாசல் பலகையில் ஆள் உயரத்துக்கு வரும். பதினான்கு வருடமாக நான் காத்துக்கிடந்தது இதற்குத்தான். ஆனால் முதலாளிக்கு யார் முகத்தையும் பார்த்து 'உனக்கு இல்லை' என்று சொல்ல வராது. போட்டோகிராபர் வந்து இரண்டு பேரையும் எடுக்கட்டும், எந்த முகத்தைப் பார்த்தால் பயந்த பெண்ணுக்குத் தைரியம் வருமோ அவருக்கே கிளை என்று சொல்லி நழுவிவிட்டார்.

பதினைந்து நாள் இருந்தது. போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்ட வேண்டும், தாடையைத் துளி இறக்க வேண்டும், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே சிரிக்க வேண்டும், உட்கார்ந்தால் கால்களைப் பின்னி ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகினேன். நீல கோட் ஒன்று தைத்தேன். சீக்கிரம் தூங்கினேன், தண்ணீராகக் குடித்தேன். நம் கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு மெனக்கெடவில்லை என்றார் என் கணவர். அப்போது எதிரே இந்த ஆள்தானே இருந்தார், போட்டியா இருந்தது?

நாத்தனார் ஒரு நாள் குளியலறைக் கதவைத் தட்டி, படத்துக்கு ஏதாவது தயார் செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், இருக்கிறபடி வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம்கூட நாக்கு குழறவில்லை.

அன்று காலை எனக்கு இருந்த தைரியம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. போட்டோகிராபர் நாற்காலியைக் காட்டியதும் மகாராணி மாதிரி போய் உட்கார்ந்தேன். இதற்கு முன்னால் மாடலிங் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார் அந்த மனிதர். என் நாத்தனார் வகுப்பு முடித்து நேராக வந்தாள், கன்னத்தில் கிரீஸ் கறையோடு. அவளுக்கு எடுத்த பன்னிரண்டு படங்களில் ஒன்பதில் கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு வயிறு குளுகுளுவென்று ஆனது. ஐயோ பாவம், போகட்டும் என்று உதட்டளவில் சொல்லிவைத்தேன்.

கடைசியாகக் காரில் ஒன்று எடுக்கலாம் என்றார் போட்டோகிராபர். ஷெட்டுக்கு வெளியே சரிவில் கார் நின்றது. கற்றுக்கொடுக்கிற இடத்தில் நான், கற்றுக்கொள்ள வந்தவள் மாதிரி டிரைவர் சீட்டில் அவள். அவர் சரிவின் கீழே நின்று காரின் முன்கண்ணாடி வழியாக எங்கள் முகங்களை எடுத்தார். நடுவில் தூக்கி நின்ற ஹேண்ட்பிரேக் என் கோட்டின் கையை இடித்துக் கசக்கியது. அதை நானே கீழே இறக்கினேன். கியரில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கால்களைப் பின்னிக் கதவுப் பக்கம் சாய்த்தேன், தாடையை இறக்கினேன், மூச்சை விட்டுக்கொண்டே சிரித்தேன்.

கார் நகர்ந்தது. முதல்நாள் வரும் பெண்ணுக்குக்கூட உடம்பு சொல்லிவிடும். எனக்குத் தெரியவில்லை. போட்டோகிராபருக்கும் தெரியவில்லை, நாங்கள் கேமராவில் பெரிதாகிக்கொண்டே வர, பிரமாதம் பிரமாதம் என்று எடுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் குலுங்கி நின்றது. அவள் மிதித்திருந்தாள்.

முதலாளி ஓடி வந்தார். யார் பிரேக் போட்டது என்று கேட்டார் முதலாளி. எங்கள் காரில்தான் இரண்டு பக்கமும் பிரேக் உண்டே, வெளியே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

"அண்ணிதான் சார்" என்றாள் அவள்.

முதலாளி என் தோளைத் தட்டாத குறை. பிரேக் மேடம் என்றால் சும்மாவா என்று சொல்லி, கிளை எனக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். கேமராவின் சின்னத் திரையில் படத்தைக் காட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. பக்கத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எதுக்குடி அப்படிச் சொன்ன? உனக்கு அந்தக் கிளை வேணாமா?"

"வேணும்தான் அண்ணி." குழாயை மூடினாள். "பதினஞ்சு நாளா கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டே இருந்தீங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு."

பாவமா! என்னை நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழகிலும் சேர்த்தி இல்லாத, தலை வாராத, நான் வேலை வாங்கிக் கொடுத்த ஒருத்தி என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, எனக்கு ஒரு கிளையைத் தூக்கிப் போடுகிறாள். தினமும் அந்தப் பலகைக்கு அடியில் நான் போய் வர வேண்டும், அவள் வீட்டில் உட்கார்ந்து பெரிய மனுஷியாக இருக்க வேண்டும். நல்லவள் பட்டத்தையும் இவளே வைத்துக்கொள்வாளா? நான் அன்று ஒரு வாய் சாப்பிடவில்லை.

காலையில் முதல் ஆளாகப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஹேண்ட்பிரேக்கை இறக்கியது நான், மிதித்தது அவள், என் கால் பிரேக் பக்கமே இல்லை. இனி அவளுக்கும் எனக்கும் பாக்கி ஏதுமில்லை என்று நினைத்தேன். முதலாளி படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். கார் உருண்டுகொண்டிருக்கிறது என்று தெரிந்து பார்த்தால் அந்தப் படமே வேறு. ஒருத்தி பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள், ஒருத்தி வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறாள். என்னிடம் கேட்டால் நான்கூட இரண்டாமவளிடம்தான் கார் கற்றுக்கொள்வேன்.

கிளை அவளுக்குப் போனது. அதே படம்தான் பலகையிலும் ஏறியது, என் பக்கத்தை வெட்டிவிட்டு. என் கணவர் ஊரெல்லாம் போன் போட்டு என் பெண்டாட்டியின் நேர்மை யாருக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். திறப்பு நாளன்று நானும் கூட்டத்தோடு நின்று கை தட்டினேன். நாத்தனார் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"உங்க இடத்துல நான் இருந்தா சொல்லியிருக்க மாட்டேன் அண்ணி. அந்த மனசு எனக்கு இல்ல."

அவளைத் தோற்கடிக்கத்தான் உண்மையைச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் கண்ணீரில் என் தோள் நனைந்துகொண்டிருந்தது. அழுகிற முகம்கூட அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.