கண்ணாடியாய்த் தேய்த்த காற்றுக் குழாய்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தொழிற்சாலைக் காவலாளி முதல் சொந்த மாமியார் வரை எல்லோருக்கும் அவர் ‘பாலிஷ்’தான். குளியலறைக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் பஃபிங் சக்கரத்தின் முன்னால் நிற்கிற வேலை. வார்ப்பிலிருந்து சொரசொரப்பாக வருகிற பித்தளையை முதலில் முரட்டு எமரித் தாளில், பிறகு மெல்லிய தாளில், கடைசியாகச் சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்து, முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். குழாயில் தன் மூக்கு நுனி தெரிந்தால்தான் அடுத்ததை எடுப்பார். மூக்கு கொஞ்சம் பெரியது, அதனால் சீக்கிரம் தெரிந்துவிடும் என்பது மாமியாரின் கட்சி.

வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கதவுப் பிடி, ஜன்னல் கொக்கி, குக்கரின் அடி என்று எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. சமையலறை அளவுக் குவளையைத் தேய்த்துத் தேய்த்து அதிலிருந்த கோடுகளையே காணாமல் அடித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் கண் அளவுதான்.

அப்படிப்பட்டவரின் கை போகக் கூடாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. மனைவியுடைய காரின் பானட்டுக்கு உள்பக்கம்.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பிறர் உயிரையும் தன் உயிரையும் தன் காலடியில் இருக்கும் ஒற்றைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கும் பதற்றம் வராது. பழைய இரும்புக் கடையில் துருவேறிக் கிடந்த அந்தக் காரைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, தானே பிரித்து, தானே கோத்து எடுத்தவர். பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து வருடம் ஒருமுறை மலைப்பாதையில் போட்டி வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வருடமும் கடைசி வளைவின் செங்குத்தில் கார் மூச்சு வாங்கும். முதல் கியருக்கு இறங்கி, தவழ்ந்து தவழ்ந்து மேலே போய்ச் சேர்வதற்குள் மனைவியுடைய தங்கையின் கணவர், அதாவது பாலிஷின் சகலை, தன் காரில் சாய்ந்து நின்று கொட்டாவியே விட்டு முடித்திருப்பார். சகலைக்குச் சொந்த ஒர்க்ஷாப் உண்டு. வாய் அதைவிடப் பெரியது.

பாலிஷுக்கு அந்தக் காரில் இருந்த வேலை, கழுவுவதும் மெழுகு தேய்ப்பதும். “வெளிய நீங்க பாத்துக்கோங்க, உள்ள நான் பாத்துக்கறேன்” என்று மனைவி சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், பாலிஷும் சிரிப்பார். ஆனால் வலிக்கும். மனைவி உயிரையே வைத்திருக்கிற பொருள் அது. அதன் உயிர் இருக்கிற பக்கம் மட்டும் தனக்கு இல்லையே என்று வாளியும் துணியுமாக நிற்கும்போதெல்லாம் தோன்றும். கட்டிய மனைவியிடம் போய் இதை எப்படிக் கேட்பது?

இந்த வருடம் மனைவி ஒரு புது இன்டேக் மேனிஃபோல்டு வரவழைத்தார். கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் கலந்து எஞ்சினுக்குள் போகிற, நாலு கால் முளைத்த அலுமினியக் குழாய். காரைச் செய்த கம்பெனியுடையது அல்ல, வேறு யாரோ செய்து விற்பது. பழையதைவிட அகலம். எஞ்சினுக்கு இன்னும் நன்றாக மூச்சு விட வழி கிடைக்கும். ஆனால் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வார்ப்பின் பிசிறு அப்படியே இருக்கிறது. குழாயின் வாயும் எஞ்சினின் வாயும் சேரும் இடத்தில் படி போல ஒரு விளிம்பு. வருகிற காற்று அதில் முட்டிக்கொண்டு நிற்கும்.

மனைவி அதைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

“கோடு நான் போட்டுத் தர்றேங்க. தேய்க்கற கை உங்களோடது. கோட்டத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.”

பாலிஷ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். அந்த நேரம் பார்த்து வந்திருந்த சகலை விடுவாரா? “குரங்கு கையில பூமாலையக் குடுக்கறீங்க” என்றார். பாலிஷ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலை கைக்கு வந்துவிட்டதே.

மனைவி எஞ்சின் வாயின் அளவை எடுத்து, குழாயின் முகத்தில் நீல மை பூசி, ஊசியால் கோடு கீறிக் கொடுத்தார். பாலிஷ் பின்னறையில் தன் மேஜையில் அதை இறுக்கிவைத்து, கிரைண்டரில் சின்ன உருளை அரத்தை மாட்டி, அலுமினியம் பல்லில் ஒட்டாமலிருக்க மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு அரைத்தார். மயிரிழை மயிரிழையாகக் கோட்டைத் தொட்டு நின்றார். உள்ளே விரலை விட்டுப் பிசிறுகளைத் தேடித் தேடி எடுத்தார். படி இருந்த இடம் தெரியவில்லை. வேலை சுத்தம்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இதைச் சொல்ல எனக்கு என்ன அவசியம் வந்திருக்கும்? பிறவிக் குணம் நிறுத்தவிடுமா! மெல்லிய தாள் எடுத்தார். அதைவிட மெல்லியதை எடுத்தார். கடைசியில் குச்சியில் துணி சுற்றி, பாலிஷ் கட்டி தடவி, நாலு குழாயையும் உள்ளே கண்ணாடி ஆக்கினார். டார்ச் அடித்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து கண்ணைக் கூசவைத்தது. மூக்கு தெரிகிறதா என்று பார்க்க மட்டும்தான் இடமில்லை. மனைவிகூட எட்டிப் பார்த்து, “அடேங்கப்பா” என்றார். அவருக்கும் அப்போது தோன்றவில்லை.

போட்டிக்கு முதல் நாள் காலையில் மாட்டினார்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது சத்தம் சீராகத்தான் இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார் மனைவி. கார் இருமியது. விட்டு மிதித்தார். மறுபடி இருமல், ஒரு குலுக்கல், பிறகுதான் வேகம் எடுத்தது. கார்புரேட்டரைத் திருகிப் பார்த்தார், சரியாகவில்லை.

வேடிக்கை பார்க்க வந்த சகலைக்கு வாயெல்லாம் பல். “சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையாப் போச்சு. பேசாம பழசயே மாட்டுங்க, நாளைக்குத் தவழ்ந்தாவது மேல வரலாம்.” சொல்லிவிட்டுத் தன் காரைத் துடைக்கப் போய்விட்டார்.

மனைவி கோபப்படவில்லை. அதுதான் பாலிஷுக்குத் தாங்க முடியவில்லை. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மெதுவாக, “பழசயே மாட்டிடலாமாங்க?” என்றார். இப்போது பழையது ஏறிவிட்டால் இனி எந்தக் காலத்திலும் பானட்டுக்குள் தனக்கு வேலை இல்லை, வாளியும் துணியும்தான் என்று பாலிஷுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“ஒரே ஒரு தடவ கழட்டிப் பாத்துடலாம்மா. எனக்காக.”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பானரை அவர் கையிலேயே கொடுத்தார்.

எஞ்சினில் இன்னும் சூடு ஏறவில்லை. கழற்றித் திருப்பிய குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடித் தரையில் பெட்ரோல் முத்து முத்தாக நின்றது. சாய்த்தால் உருண்டது. பாலிஷுக்குப் பொட்டில் அறைந்தது போல விளங்கிவிட்டது. இதை அவர் தினமும் பார்க்கிறார். பஃபிங் முடிந்த குழாயில் தண்ணீர் பட்டால் சொட்டுச் சொட்டாகத் திரண்டு உருண்டு ஓடும். பஃபிங் ஆகாத வார்ப்பில் பட்டால் படலமாகப் பரவி, காற்றடிக்க அப்படியே உலர்ந்து போகும்.

“பெட்ரோல் காத்தோட கலக்கலம்மா. சொட்டாத் தெரண்டு உள்ள போய் விழுது. வழி அகலமானது சரிதான். நான்தான் மினுக்கறேன்னு வழுக்க விட்டுட்டேன்.”

மனைவி குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காத்துக்கு என்ன கண்ணா இருக்கு, பளபளப்பப் பாத்து மயங்க?”

“நம்ம வீட்ல எனக்கு மட்டுந்தான் அந்த வியாதி” என்றார் பாலிஷ்.

வாழ்நாள் முழுக்க முரட்டுத் தாளிலிருந்து துணிக்குப் போனவர், முதல்முறையாகத் துணியிலிருந்து முரட்டுத் தாளுக்குத் திரும்பினார். இருப்பதிலேயே முரடான எமரியைப் பிளந்த கம்பியில் சுற்றி டிரில்லில் மாட்டினார். முதல் கீறல் விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். தான் வளர்த்த பிள்ளையைத் தானே அடிப்பது போல இருந்தது. மனைவி டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மத்தியானச் சாப்பாடு ஆறுவதற்குள் நாலு குழாயும் மங்கிப்போய், ஆனால் மேடு பள்ளம் இல்லாமல், ஒரே சீராகச் சொரசொரத்தன. மாட்டினார்கள். மிதித்தார்கள். இருமல் இல்லை.

மறுநாள் மலைப்பாதையில் பாலிஷ் வழக்கம்போல மனைவியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகச் சாலையைப் பார்ப்பவர் இன்றைக்கு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசி வளைவு வந்தது. செங்குத்தும் வந்தது. பழக்கதோஷத்தில் மனைவியின் கை கியர்மேல் போய் உட்கார்ந்தது. பாலிஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கை அங்கேயே இருந்தது. சத்தம் கனத்தது, ஆனால் தளரவில்லை. கியரை மாற்றாமலேயே கை திரும்ப ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டது. இரண்டாம் கியரிலேயே மேலே போய் நின்றார்கள். அப்போதும் சகலைதான் முதலில் வந்திருந்தார். ஆனால் அவர் இன்னும் காரைவிட்டு இறங்கியிருக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்த பாலிஷ் பின்னறைக்குப் போனார். அவருடைய மேஜைமேல் பழைய துண்டு விரித்து, காரின் சிலிண்டர் ஹெட் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. எஞ்சினின் தலை. வால்வுகள் எடுத்து, கழுவி, காற்று நுழைகிற நாலு வாயிலும் நீல மை பூசி, கோடு கீறியிருந்தது.

மனைவி வாசலில் நின்றிருந்தார்.

“தங்கச்சி வீட்டுக்காரரு தன்னோட ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவரச் சொன்னாருங்க. வேணாம்னுட்டேன். எங்க வீட்லயே ஆள் இருக்குன்னேன்.”

பாலிஷ் துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

“நான் மறுபடி மினுக்கறேன்னு கோட்டத் தாண்டிட்டேன்னா?”

மனைவி ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“தாண்டுங்க. நான் இங்கதான இருக்கேன், பிரேக் போட.”