தோற்றவரின் நாற்காலி

பல்செட்டுக்காரருக்கு முகங்கள் நினைவில் நிற்காது, பற்கள்தான் நிற்கும். தெருவில் யாராவது வணக்கம் வைத்துவிட்டுப் போனால், "இப்போ போறது யாரு?" என்று என்னிடம் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஓ, மேல்வரிசைல எத்துப்பல்லு" என்று அவரே முடித்துவிடுவார். தன் மனைவியை, எங்களுக்கு அண்ணி, பெண் பார்க்கப் போன கதையும் அவர் சொன்னால் அப்படித்தான் இருக்கும். "சிரிச்சா. கடிப்பு ஒழுங்கா இருந்துச்சு. சரின்னுட்டேன்." அதைக் கேட்கிறபோதெல்லாம் அண்ணி முதலில் முறைப்பார், பிறகு சிரித்துவிடுவார்.

கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறை அலமாரி முழுக்க பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. மேசையில் ரோஸ் நிற மெழுகு, அதை இளக்கும் சின்ன விளக்கு, பல்லுக்கு மெருகு போடும் மோட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் இவற்றையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு செஸ் பலகையை விரிப்போம். அவர், மருந்துக்கடைக்காரர், நான். மூன்றே பேர். நான் லிஃப்ட் மெக்கானிக். கம்பிவடம், மோட்டார், பிரேக் இவற்றை மட்டும் நம்புகிறவன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வரும். அப்போது வந்தது என்று சொல்வதுதான் சரி.

நாங்கள் எங்களுக்குள் ஆடுவது குறைவு. ஆடினால் சண்டை வந்தது. அதனால் புத்தகத்திலிருக்கும் பழைய போட்டி ஆட்டங்களை எடுத்து, காய் காயாக நகர்த்தி, இங்கே இப்படி ஆடியிருக்கலாம் அங்கே அப்படி ஆடியிருக்கலாம் என்று பெரிய மேதைகளுக்குப் புத்தி சொல்வோம். செத்துப்போனவர்கள் திருப்பிப் பேச மாட்டார்கள் இல்லையா.

அப்படிக் கையில் சிக்கியதுதான் அந்த ஆட்டம். நாங்கள் மூவருமே பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒரு போட்டியில் ஆடியது. வென்றவர் தன் ராணியையே தூக்கிக் கொடுத்துவிட்டு யானையால் மடக்கினாராம்; புத்தகக்காரர் பக்கம் பக்கமாக மெய்சிலிர்க்கிறார். தோற்றவரைப் பற்றி ஒரே வரி. பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டாராம். போட்டியில் ஆடியவர்களின் படமும் அதில் இருந்தது. எல்லார் முகமும் தெரிந்தது, இவர் முகத்தைத் தொப்பி மறைத்திருந்தது. தொப்பிக்காரர் என்று நாங்களே பெயர் வைத்தோம்.

மருந்துக்கடைக்காரர் ஒரு விதி கொண்டுவந்தார். "ஜெயிச்சவன் மண்டைக்குள்ள உலகமே போய்ப் பாத்தாச்சு. தோத்தவன் மண்டைக்குள்ள நாம போவோம்." சுவரோரம் இருந்த நாற்காலி தோற்றவருடையது. அதில் உட்காருகிறவர் தொப்பிக்காரராகவே பேச வேண்டும். 'அவர்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஒரு வாரம் உட்கார்ந்து, "எனக்குப் பசிச்சது, அதான் சிப்பாயைத் தள்ளினேன்" என்றேன், எழுப்பி விட்டார்கள். மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்தபோது மாத்திரைச் சீட்டைப் படிப்பதுபோல இருந்தது. அடுத்து பல்செட்டுக்காரர் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் இடது காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். பிறகு, "எனக்கு இடது ஷூவுக்குள்ள தண்ணி போயிருக்கு" என்றார்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றேன். மருந்துக்கடைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். பல்செட்டுக்காரர் சிரிக்கவில்லை. "எதிர்ல இருக்கறவர் இருமலுக்கு ஏதோ சப்பறார். அந்த வாசனை ஆகல. அதான் குதிரையை அவசரப்பட்டு எடுத்தேன்" என்றார். அந்தக் குதிரை நகர்வு ஏன் என்று எங்களுக்கு வாரக்கணக்கில் விளங்காமலிருந்தது. இப்போது விளங்கியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வேறு யாரையும் அவர் அந்த நாற்காலியில் உட்கார விடவில்லை. ஞாயிறு மட்டும் என்றிருந்தது எல்லா நாளும் என்றானது. ஒரு நாள் அண்ணி என்னை மாடிக்குக் கூப்பிட்டு ஜன்னல் கம்பியைக் காட்டினார். ஒற்றைக் காலுறை காய்ந்துகொண்டிருந்தது.

"தினம் இடது கால் உறையை மட்டும் கழட்டிக் காயப் போடறாரு தம்பி. மழை பேஞ்சு எத்தனை நாளாச்சு. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். ஈரமாக இருந்தது. குழாயில் நனைத்திருப்பார் என்று சொன்னேன். என் குரலே எனக்கு நம்பிக்கை தரவில்லை.

இன்னொரு நாள் லிஃப்ட் வேலை முடித்துப் போகிற வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவர் கீழ்வரிசை செட் ஒன்றுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். பழைய காலத்து அமைப்பு. நடுவில் ஒரு பல் சற்றே திரும்பியிருந்தது. பக்கத்தில் அளவெடுத்த தாடை எதுவும் இல்லை. வாய் இல்லாமல் பல்செட் செய்கிற ஆள் இல்லை அவர்.

"யாருக்குங்க இது?"

"எனக்குத்தான்."

அவருக்கு முப்பத்திரண்டும் முழுசாக இருந்தன. அந்த வயதில் அது அவருக்குப் பெருமை. நான் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். படமெடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்றார்கள். இருக்கலாம். பேர் வைத்தால் பிள்ளை அடங்கிவிடுமா? மறதி என்றால் இருப்பது போக வேண்டும். இங்கே இல்லாதது அல்லவா வந்துகொண்டிருந்தது.

அண்ணி அழவில்லை. ஒரு ஞாயிறு அவரே கீழே இறங்கி வந்து எங்கள் இருவர் முன்னாலும் நின்றார். "விளையாட்டா நீங்க ஆரம்பிச்சு வெச்சது. நீங்களே முடிச்சு வைங்க. அந்தத் தொப்பிக்காரர் எப்படியாவது தப்பிக்கட்டும். அப்பத்தான் இவர் அந்த நாற்காலிய விட்டு எந்திரிப்பாரு. எனக்கு என் வீட்டுக்காரர் வேணும்."

செஸ் தெரியாத அண்ணி சொன்னதில் நியாயம் இருப்பதாக எங்களுக்குப் பட்டது. தோற்ற ஆட்டத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். தோல்வி போனால் பிடியும் போகும். மருந்துக்கடைக்காரர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். முட்டி மோதிக் கடைசியில் கண்டுபிடித்தோம். தோற்றவரின் ராஜாவை மூலைக்குத் தள்ளினால் போதும். வென்றவரின் அத்தனை ஜாலமும் புஸ்ஸென்று போய்விடுகிறது. ராணியைக் கொடுத்ததுதான் மிச்சம். புத்தகக்காரர் இதைப் பார்க்கவே இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். பல்செட்டுக்காரர் முன்னால் பலகையை வைத்து ராஜாவை மூலைக்கு நகர்த்திக் காட்டினேன்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கே பாத்தேன்."

"அப்புறம் ஏன் தோல்வின்னு ஒத்துக்கிட்டீங்க?"

"ஆட்டம் நீண்டுக்கிட்டே போகும். ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா. அவளை எவ்வளவு நேரம்தான் உக்கார வைக்கறது."

வாசலில் நின்றிருந்த அண்ணியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை மாதத்தில் அவர் அண்ணியைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை என்று நாங்கள் மூவருமே நினைத்தோம். அண்ணி நேராக வந்து எதிர் நாற்காலியில், வென்றவரின் இடத்தில், உட்கார்ந்தார்.

"தோல்விய எப்படி ஒத்துக்கணும் தம்பி?"

"ராஜாவைப் படுக்க வைக்கணும் அண்ணி."

வென்றவரின் ராஜாவை எடுத்துப் பலகையில் படுக்க வைத்தார். "நான் தோத்துட்டேன். போதும், எந்திரிங்க."

பல்செட்டுக்காரர் எழுந்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றிங்க. நல்லா ஆடினீங்க." கல்யாணமான நாளிலிருந்து அண்ணியை வாடி போடி என்று கூப்பிட்ட மனிதர். பிறகு எங்களுக்கும் தலையசைத்துவிட்டு வெளியே போனார். மாடிப்படி இடப்பக்கம் இருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தோம். டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் ஏதோ ஓர் ஊரின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு ஊரே இல்லை என்று அந்தப் பெண் நல்லபடியாகத்தான் சொன்னாள். வா என்றதும் முரண்டு பிடிக்காமல் எங்களோடு வந்தார். வழியெல்லாம், "உங்களுக்கு வீண் சிரமம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்று நான் என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நாங்கள் காப்பாற்ற நினைத்தது ஒருவரை, விடுவித்தது இன்னொருவரை. எங்கள் ஆள் எங்கே போனார்? மருந்துக்கடைக்காரர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை, செஸ்ஸையும் விட்டுவிட்டார். அலமாரித் தாடைகளை இன்னொரு பட்டறைக்காரர் வந்து வாங்கிப் போனார். மேல் வீட்டின் முன்னறையில் நாங்கள் கூட்டிவந்தவர் விருந்தாளிபோல இருக்கிறார். போட்டதைச் சாப்பிடுகிறார், தட்டை அவரே கழுவி வைக்கிறார், அண்ணி அறைக்குள் வந்தால் எழுந்து நிற்கிறார். நாளைக்குக் கிளம்பிவிடுவேன் என்று தினமும் சொல்கிறார்.

போன வாரம் அந்தப் பக்கம் லிஃப்ட் வேலை ஏதும் இல்லாவிட்டாலும் போனேன். அண்ணி பலகையை விரித்து வென்றவரின் பக்கம் உட்கார்ந்திருந்தார். முழு ஆட்டத்தையும் மனப்பாடம் செய்துவிட்டார். காய் நகர நகர எதிரில் அவர் பேசிக்கொண்டிருந்தார்; குளிரைப் பற்றி, தனக்காகக் காத்திருக்கிற அந்தப் பெண்ணைப் பற்றி. அவள் பெயரைக்கூடச் சொன்னார், அது அண்ணியின் பெயர் இல்லை. அண்ணி கேட்டுக்கொண்டே ஆடினார். ராணியைக் கொடுத்தாயிற்று. அடுத்தது யானை. அது நகர்ந்தால் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து அவளிடம் கிளம்பிவிடுவார். அண்ணி யானைக்கு மேல் கையை நிறுத்தினார்.

"ஆடுங்க" என்றார் அவர், மரியாதையாக.

"யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் அண்ணி. "அவசரமா?"

"பரவால்ல, நிதானமா ஆடுங்க."

அவர் காத்திருந்தார். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி கையை எடுக்கவும் இல்லை, காயைத் தொடவும் இல்லை.