ஸ்டீபனின் அம்ப்ளிபயர் பாடிய பிற்பகல்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த மாடித் தொகுதியின் மூன்றாம் மாடியில் ஏதோ நடமாடுகிறது என்று எல்லோரும் பயந்திருந்த காலத்தில், டோர்ச்சும் குறிப்புப் புத்தகமுமாகப் போய் நின்று, அது தண்ணீர்த் தொட்டிக் குழாயின் சத்தம் என்று கண்டுபிடித்துச் சொன்னவன் நான். குறி, சாத்திரம், ஆவி எதிலும் எனக்கு ஈடுபாடு இருந்ததில்லை. ஆகவே இனி எழுதப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன். உங்கள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன். அன்றே நேரம் குறித்து நாட்குறிப்பில் எழுதிவைத்ததை எதிரில் விரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலம். ஸ்டீபன் துறைமுகத்தில் மின்சாரப் பகுதி மேற்பார்வையாளன், ஃபோமன். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீடு, மனைவி பிலோமினா, பிள்ளைகள் இல்லை. எங்களை நண்பர்களாக்கியது பாட்டுக் கேட்கிற பைத்தியம் ஒன்றுதான். அவனுடைய உள்ளறையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் நின்றன. தன் நாடு திரும்பிய ஒரு கப்பல் பொறியியலாளர் விட்டுப்போனவை. ஒவ்வொன்றும் பிலோமினாவின் தோளுயரம், எண்பது கிலோவுக்கு மேல்.

நல்ல ஸ்பீக்கர் இருந்தால் எந்த அம்ப்ளிபயரும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெட்டிகளின் பின்பக்கத்தில் மின்தடை எட்டு ஓம் என்று எழுதியிருந்தது, ஆனால் கீழ்ச்சுரத்தில் அது இரண்டு ஓமுக்கு இறங்குவதை நானே மீற்றர் பிடித்துப் பார்த்தேன். தடை குறைந்த அந்த இடத்தில் அவை கேட்கிற பெரிய மின்னோட்டத்தைச் சாதாரண அம்ப்ளிபயரால் கொடுக்க முடியாது. குரல் வரும், மேளம் வராது. சத்தத்தைக் கூட்டினால் உள்ளே 'டிக்' என்று ஒரு பாதுகாப்பு ரிலே விழுந்து எல்லாம் அடங்கிவிடும். ஐந்து வருடம், சனிக்கிழமை தோறும், இரவல் வாங்கியும் முச்சக்கரவண்டியில் ஏற்றியும் பதினொரு அம்ப்ளிபயர்களை அந்த அறைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்திருக்கிறோம். என்னுடைய சிறிய அம்ப்ளிபயர் முதல் நாளிலேயே தோற்றது.

"மச்சான், உன்ட அம்ப் உங்கட வெள்ளவத்தை ஆக்கள் மாதிரித்தான்" என்றான் ஸ்டீபன். "நல்லாக் கதைக்கும். பாரம் தூக்கச் சொன்னா நிண்டுரும்."

கடைசியில் அவனே ஒன்றைச் செய்தான். கழித்துப்போட்ட துறைமுக இயந்திரம் ஒன்றின் ட்ரான்ஸ்போமர், கறுப்பு இரும்புப் பெட்டி, இரு பக்கமும் சூட்டை வெளியேற்ற அலுமினியச் செதில்கள். பெயர் கிடையாது, முப்பத்துநான்கு கிலோ. அதுதான் அந்த ஸ்பீக்கர்களை ஓரளவு பேசவைத்தது.

அதுவே அவனைச் சிக்கவும் வைத்தது. ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் வந்த பொலிஸார் பெயரில்லாத இரும்புப் பெட்டியையும் வயர்களையும் மீற்றர்களையும் பார்த்தார்கள். பாட்டுக் கேட்க இவ்வளவு பெரிய ட்ரான்ஸ்போமர் எதற்கு என்று கேட்டார்கள். ஸ்டீபன் ஓம் கணக்கெல்லாம் சொல்லி விளக்கியிருக்கிறான். விளக்கம் நீள நீளச் சந்தேகமும் நீண்டது. செய்தி அனுப்பும் கருவி என்று எழுதி, பெட்டியையும் அவனையும் கொண்டுபோனார்கள். ஸ்பீக்கர்களை அந்தக் குறுகிய படியில் இறக்க நான்கு பேரால் முடியவில்லை, அதனால் அவை மட்டும் நின்றன.

எழுபத்தொரு நாள் ஆயிற்று. தடுப்புக் காவல் உத்தரவு முடிய இரண்டு கிழமை இருக்கிறது, பொலிஸ் அறிக்கை மாறாவிட்டால் அதைப் புதுப்பித்துத் தெற்கே முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே போனவர்கள் திரும்ப வருடக்கணக்காகும் என்று சட்டத்தரணி சொன்னார். நல்ல காலமாக, கோப்பு ஒரு புதிய சப் இன்ஸ்பெக்டரின் கைக்கு மாறியிருந்தது. கேகாலைப் பக்கத்துச் சிங்களவர், முப்பது வயது இருக்கும். வீட்டுக்கே பெட்டியைக் கொண்டுவருகிறேன், அது பாட்டுப் பெட்டிதான், அவ்வளவு பெரிதாக இருக்கவேண்டியதுதான் என்று எனக்குக் காட்டுங்கள் என்று அவர் சம்மதித்தார். காட்டவேண்டியவன் நான்.

ஒரு வியாழக்கிழமை. என் அம்ப்ளிபயரைத் துவாயில் சுற்றிக்கொண்டு, இரண்டு சோதனைச் சாவடிகளில் அவிழ்த்துக் காட்டிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தேன். 2.50க்கு ஜீப் வந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் ஸ்டீபனின் பெட்டியை மூச்சிரைக்க மேலே ஏற்றிவைத்துவிட்டுக் கீழே போனார்கள். மூடியின் மேல் முத்திரை குத்திய காகிதப் பட்டி ஒட்டியிருந்தது. திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். முடியாது என்றார் சப் இன்ஸ்பெக்டர். நான் எதையும் திறந்து பார்க்காமல் இணைக்கிறவன் அல்ல, ஆனால் அன்று வேறு வழியிருக்கவில்லை.

பிலோமினா தேநீர் கொண்டுவந்தாள், அவர் மறுத்தார். நான் எடுத்துவைத்திருந்த பாட்டையும் வேண்டாமென்றார். ஜீப்பிலிருந்து தன்னுடைய கசெற் ஒன்றை எடுத்துவரச் செய்தார். பழைய சிங்களப் பாட்டு, ஒரு பெண் பாடுவது, பின்னால் வயலினும் கனத்த மேளமும். ஸ்டீபன் வழக்கமாக இருக்கும் கதிரையில் அவரை இருத்தினேன்.

3.05க்கு முதலில் என்னுடையதை இணைத்தேன். மெல்லிசாகப் பாட்டு வந்தது. அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது நல்லாத்தானே இருக்கிறது, இதில் என்ன குறை என்றார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஸ்டீபன் உள்ளே இருந்தான். சத்தத்தை மெல்லக் கூட்டினேன். இரண்டாம் முறை மேளம் வந்தபோது 'டிக்' என்று ரிலே விழுந்தது. பாட்டு நின்றது.

"கடுகண்ணாவை ஏற்றத்தில் சின்ன எஞ்சின் லொறி மாதிரி" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வது போல.

அதேதான் சேர், என்றேன். நாங்கள் பேசியது சிங்களத்தில், நான் தமிழில் தருகிறேன்.

என் அம்ப்ளிபயரின் வயர்களைக் கழற்றிச் சுருட்டி, அதன் மின் இணைப்பையும் பிடுங்கி யன்னலடியில் வைத்தேன். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது இணைப்பில் இருந்ததா என்று பிறகு நான் என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். ஸ்டீபனின் பெட்டியை ஸ்பீக்கர்களோடு இணைத்தேன். 3.22க்கு ஆளியைப் போட்டேன், சிவப்பு விளக்கு எரிந்தது, கசெற்றை ஓடவிட்டேன்.

அந்தப் பெண் பாடுமுன் மூச்சை இழுப்பது கேட்டது. மேளக்காரர் அடித்துவிட்டு உள்ளங்கையைத் தோலில் வைத்து அதிர்வை அடக்குவது கேட்டது. ஐந்து வருடமாக நாங்கள் தேடின பொருத்தம் அது. ஸ்டீபன் இருந்த காலத்தில் இதே பெட்டியில் கூட ஒரு நாளும் அப்படி வந்ததில்லை, என் குறிப்புகள் இருக்கின்றன, நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பாட்டு முடிந்ததும், திரும்பப் போடுங்கள் என்றார். பிறகு இன்னொரு பாட்டு. மொத்தம் பதின்மூன்று நிமிடம். பிலோமினா வாசற்படியில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

முடிந்த பிறகு அவர் எழுந்து, மூடியில் ஒட்டியிருந்த காகிதப் பட்டியைத் தன் கையாலேயே கிழித்தார். பெட்டி இங்கேயே இருக்கட்டும், பிலோமினா பொறுப்பென்று கையொப்பமிட்டால் போதும் என்றார். அது அம்மா விரும்பிக் கேட்ட பாட்டு, அம்மாவுக்கு இப்போது காது கேட்பதில்லை என்றும் சொன்னார். ஆறிப்போயிருந்த தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பிலோமினா அழுதுகொண்டே சிரித்தாள். நான் வழக்கப்படி, ஓடி முடித்த அம்ப்ளிபயரின் செதில்களில் கை வைத்தேன். அந்தச் சத்தத்தில் ஓடினால் தொட முடியாத சூடு இருக்கவேண்டும். இரும்பு அலுமாரிக் கதவு போலக் குளிர்ந்திருந்தது.

மூடியில் பத்துத் திருகாணிகள். எல்லாவற்றையும் கழற்றினேன். ஸ்பீக்கரைத் தள்ளி அசைக்கிற வேலையைச் செய்வது நான்கு பெரிய உலோக ட்ரான்சிஸ்டர்கள், பக்கத்துக்கு இரண்டு. அந்த நான்கின் இடமும் வெறும் துளைகளாக இருந்தன. பரிசோதனைக்கு எடுத்தவர்கள் கழற்றியிருக்கிறார்கள். அவை இல்லாமல் அது வெறும் பெட்டி. 4.15க்கு மூடியைத் திறந்தபடியே மறுபடி இணைத்து, வேறொரு கசெற்றைப் போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் நுளம்பின் இரைச்சல் போல ஒன்று. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அவ்வளவுதான்.

பிலோமினாவிடம் மறைக்க முடியவில்லை, பக்கத்தில்தான் நின்றாள். துளைகளைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அண்ணா, மூடுங்க" என்றாள்.

இது எப்படிப் பாடினது என்று எனக்கு விளங்கவில்லை பிலோ, என்றேன்.

"எனக்கு விளங்க வேணாம். அவர் வரணும். வாறவரைக்கும் இத நீங்களும் யாருக்கும் சொல்லாதிங்க, நானும் சொல்ல மாட்டன்."

மறுநாள் சட்டத்தரணி என்னிடம் சத்தியக் கடதாசி ஒன்று கேட்டார். நான் பொய் எழுதுகிறவனல்ல. உண்மை முழுவதையும் எழுதினால், வேலை செய்யாத பெட்டியைக் காட்டிப் பொலிஸை ஏமாற்றினோம் என்று ஆகும், ஸ்டீபன் தெற்கே போவான். இரண்டு இரவு மேசையில் இருந்துவிட்டு இவ்வளவுதான் எழுதினேன்: முத்திரையிட்ட பெட்டியை இணைத்தேன், பாட்டு வந்தது, நானும் அதிகாரியும் கேட்டோம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் கையொப்பமிட்ட பிறகு அந்த அதிகாரி ஒரு நாள் உண்மை தெரிந்து வந்து நிற்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்தாம் நாள் ஸ்டீபனை விட்டார்கள். நிறைய மெலிந்திருந்தான், ஆனால் வந்த அன்றே பெட்டியைத் திறந்து பார்த்தான். பொலிஸ் கழற்றி எடுத்துவிட்டார்கள் என்று பிலோமினா சொல்லிவைத்திருந்தாள். எப்போது என்று அவன் கேட்கவில்லை. என் சிறிய அம்ப்ளிபயர் விழுந்து படுத்ததைப் பார்த்துத்தான் அதிகாரி மனம் மாறினார் என்று நினைத்துக்கொண்டான். "உன்ட அம்ப் தோத்துத்தான் என்ன வெளிய எடுத்திச்சு மச்சான்" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். நான் அவன் முதுகைத் தட்டினேன்.

அடுத்த ஞாயிறு, ஸ்டீபனும் பிலோமினாவும் பூசை முடிந்து வந்த நேரம், நானும் அங்கே இருந்தேன். சப் இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் தனியாகப் படியேறி வந்தார். அவர் ஒரு காகித உறையை ஸ்டீபனிடம் நீட்டினார். உள்ளே நான்கு ட்ரான்சிஸ்டர்கள். ஸ்டீபன் குழந்தை போல வாங்கிக்கொண்டு, வெறும் உறையை மேசையில் போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினான். பிலோமினா தேநீர் போடக் குசினிக்குப் போனாள்.

நாங்கள் இருவரும் முன்னறையில் இருந்தோம். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த வியாழன் காலை பெட்டியை எடுக்கப்போன இடத்தில் களஞ்சியக்காரர் இந்த உறையையும் கொடுத்திருக்கிறார். திருகாணி ஏதோ என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாட்டுக் கேட்டதில் அதை மறந்துவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் கண்டார். பரிசோதித்தவரைத் தொலைபேசியில் கேட்டபோது, அவை இல்லாமல் அந்தப் பெட்டி பேசாது என்றாராம்.

"அப்படியென்றால் அறிக்கையில் என்ன எழுதினீர்கள்?" என்று கேட்டேன்.

"கேட்டதை எழுதினேன். நீங்கள்?"

"நானும்."

அவர் உறையை எடுத்து ஓரத்தைக் கிழித்து விரித்துக் காட்டினார். உட்பக்கத்தில் நான்கு வட்டங்கள் பழுப்பாகக் கருகியிருந்தன. இவை சும்மா கிடந்தால் சூடாகுமா என்று கேட்டார். இல்லை, ஓடினால்தான் சூடாகும், என்றேன். அந்தச் சூட்டை நீங்கள் உணரவில்லையா என்று கேட்டேன். அந்த நேரத்தில் தெரியவில்லை, அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன், என்றார்.

அரை மணியில் உள்ளறையில் பாட்டுத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் ஸ்டீபனின் குரல் வந்தது. "பழைய குணம் போகேல்ல மச்சான். வலப்பக்கம் பின்னால இருக்கிறது மட்டும் இன்னும் கூடத்தான் சுடுது."

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். நான்கில் மூன்று ஒரே அளவாகச் சுடும், ஒன்று மட்டும் அதிகம் சுடும் என்று மொழிபெயர்த்தேன்.

அவர் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினார். இடது மார்பில், சட்டைப்பை படும் இடத்தில், நான்கு வட்டத் தழும்புகள். மூன்று ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தன. நான்காவது இன்னும் சிவந்து, ஓரம் தோலுரிந்து கிடந்தது. நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் மறுபடி பூட்டிக்கொண்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த அம்ப்ளிபயர் ஓடும்போது நான் அதில் கை வைப்பதில்லை.

"வாங்க ரெண்டு பேரும், கேளுங்க" என்று ஸ்டீபன் உள்ளேயிருந்து கூப்பிட்டான். நாங்கள் உடனே எழும்பவில்லை.